ரஷீதின் சின்னத் துவக்கு

1

போன வாரம் வெள்ளிக்கிழமை நான் துவக்கு வாங்கப் போனேன். மாத்தளையில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். டெக்சஸில் துவக்கு வாங்கப் போவது நம்மூரில் குடைக்குக் கம்பி மாற்றப் போவது மாதிரிதான். செருப்புக் கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் அந்தக் கடை இருக்கிறது. வாசலில் துப்பாக்கிப் படம் போட்டுத் தள்ளுபடி விலை எழுதியிருக்கிறார்கள்.

என்னிடம் ஏற்கெனவே ஒன்று உண்டு. நானும், நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணனும் இந்தப் பலசரக்குக் கடையை வாங்கியபோது, பழைய சொந்தக்காரர் காசு மேசைக்கு அடியில் விட்டுப்போன நீளத் துவக்கு. நானா மாணிக்கக்கல் வியாபாரம் பார்க்க வேறு ஊர் போய்விட்டார். கடையும் துவக்கும் எனக்கு மிஞ்சின. அதை எடுத்து நிமிர்த்துவதற்குள் திருட வந்தவன் அரைக் கடையைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடுவான்.

எதிரே லாண்டரி வைத்திருப்பவர் மானுவேல் என்ற மெக்சிக்கர். அவருடைய கடைக்குள் இரண்டு பேர் புகுந்தபோது அவர் ஒரு மூலையில் நின்றிருக்கிறார், அவருடைய துவக்கு இன்னொரு மூலையில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து சின்னதாக ஒன்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு திரிகிறார். பால் வாங்க வந்தாலும் காற்சட்டையை உயர்த்திக் காட்டாமல் போவதில்லை. "பெரியது கடைக்கு, சின்னது உனக்கு. நீயும் ஒன்று வாங்கு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு வந்தது பயமில்லை, பொறாமை. சொல்வதற்கு வெட்கமில்லை. மாத்தளையில் இருபத்தைந்து வயதில் ஒருவனுடைய இடுப்பைப் பார்த்து வெந்தேன். இங்கே நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருவனுடைய கணுக்காலைப் பார்த்து வேகிறேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தது. பக்கத்தில் பள்ளிவாசல் இல்லாததால் வீட்டில்தான் தொழுகிறோம். என் மனைவி பரீதா வழக்கம்போலத் தையல் மெஷினைத் திறந்து, குட்டி எண்ணெய்க் குப்பியால் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். மாத்தளையிலிருந்து கப்பலில் வந்த கைமெஷின் அது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் போடுவாள். கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், தவறியதில்லை.

"துவக்குக் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றேன்.

குப்பியை மூடி வைத்தாள். "நானும் வாரேன்" என்றாள்.

சீலைக் கடையைத் தவிர வேறு எங்கும் வராதவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மகள் நஸீமா டெலிவிஷனிலிருந்து கண்ணை எடுக்காமல், ரோஸ் நிறத்தில் வாங்கு என்று இங்கிலீஷில் சொன்னாள். அவளோடு பேசினால் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "வாப்பா" என்ற சொல் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. அதிலும் கடைசி எழுத்து தேய்ந்து வருகிறது.

2

ரஷீதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ரஷீத் பரீதாவுடைய மாமி மகன், முறை மச்சான். அவனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். நானும் அவனும் ஒரே வயது, ஒரே தெரு, ஒரே தொழில். இரத்தோட்டைப் பக்கமும் எல்கடுவப் பக்கமும் போய் மிளகு, ஏலம், சாதிக்காய் வாங்கி மாத்தளைக்குக் கொண்டுவருவோம். அவன் தராசும் என் தராசும் ஒரே கடையில் வாங்கியவை. ஆட்கள் மட்டும் அவனிடம் போவார்கள்.

சுதந்திரம் கிடைத்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எல்கடுவப் பக்கம் ஒரு துரை ஊருக்குப் போகுமுன் பங்களாச் சாமான்களை விற்றார். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். ரஷீத் துரையோடு உள்ளறைக்குப் போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். நான் வெளி விறாந்தையில் நின்று, பித்தளைப் பூண் போட்ட குடை ஸ்டாண்ட் ஒன்றை விலை பேசினேன்.

அவன் வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது. துரையுடைய கைத்துப்பாக்கி அவனுக்கு. கட்டைக் குழல், ஐந்து வெடி ரிவால்வர். துரையே அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குச் சிபாரிசு பண்ணி லைசென்சும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார்.

நீளத் துவக்கு என்றால் மாத்தளையில் பெரிய காரியமில்லை. வில்கமுவப் பக்கம் பன்றி விரட்டப் பாதி வீடுகளில் இருந்தது. ரஷீதுடைய வாப்பாவிடமும் ஒன்று இருந்தது. ஆனால் வீட்டில் ஒன்று இருக்க, இடுப்பில் இன்னொன்று வைப்பதற்குத் தனி அந்தஸ்து வேண்டும். நம் வியாபாரிகள் சாரத்துக்கு மேலே கட்டும் அகலப் பச்சை பெல்ட் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் செருகிக்கொண்டு, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு அவன் நடந்தான். துவக்கு வெளியே தெரியாது. ஆனால் தெரியாமல் இருப்பது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடந்தான்.

நான் வாங்கி வந்த குடை ஸ்டாண்ட் என் கடை வாசலில் நின்றது. மழை நாளில் வருகிறவர்கள் அதில் குடையைப் போட்டுவிட்டு ரஷீத் கடைக்குப் போனார்கள்.

ஒரு நாள் இரத்தோட்டை பஸ் நிலையத்தில், தோட்டத்திலிருந்து மிளகுச் சாக்கோடு இறங்கிய அம்மா ஒருவரை மறித்தேன்.

"ஏங்க, தொவக்கு மொதலாளி இன்னைக்கி வரலீங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

"நான் வந்திருக்கேனே, அதே வெல தாரேன்."

"நீங்க கொட மொதலாளிதானே? தெரியுங்க. அவுங்க வரட்டுங்க, நிக்கிறேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

3

நானும் லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டேன். நம்மூர்க் கச்சேரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த்தலைவர் விதானையிடம் ஒரு கையெழுத்து, பள்ளிவாசல் டிரஸ்டியிடம் நல்லொழுக்கச் சான்று, பொலிசிலிருந்து ஒரு விசாரணை. கடைசியில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த சிங்கள அதிகாரி மாத்தயா நல்ல மனிதர். என்னிடம் தமிழிலேயே பேசினார்.

"முதலாளி, வீட்டுக்கு நீளத் துவக்கு கேட்டா யோசிக்கலாம். இது சின்னது. ஆளச் சுடுற சாமான். உங்களக் கொல்றதுக்கு யாரு இருக்காங்க?"

"பகையாளிங்க இருக்காங்க மாத்தயா."

"யாரு? பேரு சொல்லுங்க."

யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. அவர் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். "பொலிஸ் அறிக்கையில எழுதியிருக்கு, உங்களுக்குப் பகையே இல்லையாம். எல்லாருக்கும் பிடிச்ச ஆளாம். சந்தோஷமாப் போங்க" என்று சிரித்தார்.

ரஷீதுக்குத் துவக்கும் இருந்தது, சுட வேண்டிய அளவுக்கு எதிரிகளும் இருந்தார்கள். எனக்கு எதிரிகூட இல்லை. தேத்தண்ணிக் கடை ஜமாலிடம் போய், என்னை வெட்டுவேன் என்று சும்மா நாலு பேருக்கு முன்னால் சொல்லும்படி கெஞ்சினேன். அவன் வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். "உங்கள வெட்டுறேன்னு சொன்னா ஊரு என்னத்தான் பைத்தியம்னு சொல்லும், நானா." அதோடு நிற்கவில்லை. மாலை மஃரிப் தொழுகைக்குள் கதை தெரு முழுக்கப் போய்விட்டது. பகையாளி இல்லாததால் லைசென்ஸ் கிடைக்காத ஆள் என்று ஊரே என்னைச் சொல்லிச் சிரித்தது.

இங்கே போன வெள்ளிக்கிழமை, வாங்குவதென்றால் வேண்டும் என்று கடையில் சொன்னது சாரதி லைசென்சும் ஒரு பக்கப் படிவமும். பகையாளியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

4

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா நாள். பள்ளிவாசல் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியான ஹவுளைச் சுற்றி உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி எல்லாரும் உளூச் செய்துகொண்டிருந்தோம். எனக்கு நேரெதிரே ரஷீத். கையைக் கழுவினான், வாயைக் கொப்பளித்தான். முகத்துக்குத் தண்ணீர் அள்ளக் குனிந்தபோது பின்னால் சட்டை மேலேறியது. பெல்ட் தளர்ந்திருந்தது. துவக்கு நழுவிப் படிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி, ஹவுளுக்குள் விழுந்தது.

தண்ணீருக்குள் மீன்கள் சிதறி ஓடின. என்ன விழுந்தது என்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ரஷீத் கையை விட்டுத் துழாவினான், எட்டவில்லை. பாங்கு சொல்லும் மோதினார், சாவி விழுந்ததென்று நினைத்து ஓடிவந்து, "என்ன மகன், தொறப்பா?" என்றார். ரஷீத் சாரத்தோடு ஹவுளுக்குள் இறங்கினான். மார்பளவு தண்ணீர். மூழ்கி எழுந்தபோது கையில் இருந்ததைப் பார்த்து, சுற்றி நின்ற அத்தனை பேரும் பின்னால் போனார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், துவக்கு கிடைத்ததற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து, என் நல்ல மனதைப் பாராட்டினார்.

ரஷீத் தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்வாசலால் ஓடினான். வீட்டுக்குத்தான் போயிருப்பான், இனித் தலைகாட்ட மாட்டான் என்று நினைத்தேன். முதல் வரிசையில் நின்று, அப்படியொரு சந்தோஷத்தோடு தொழுதேன். அவனுடைய கதை முடிந்தது என்று எனக்கு நிச்சயமாக இருந்தது.

எங்கே முடிந்தது? ஹவுளை இறைத்துக் கழுவ வேண்டியதாயிற்று. டிரஸ்டிமார் ரஷீதைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். கண்டித்துவிட்டு, அந்தச் சாமானைக் கொஞ்சம் காட்டு தம்பி என்று கேட்டார்கள். அது வரை இரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் மட்டும் தெரிந்திருந்த துவக்கு அதற்குப் பிறகு மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆனால் எனக்கும் ஒரு நாள் வந்தது. அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, பரீதாவுடைய வாப்பா ஆள் அனுப்பினார். ரஷீதுக்கென்று வைத்திருந்த பெண்ணை எனக்குத் தருவதாகச் செய்தி. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனதை மாற்றிக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம். என் வாழ்நாளில் ரஷீதை நான் வென்ற ஒரே இடம் அது. பிறகு அவன் இன்னும் இரண்டு கடை வைத்தான், லொறி வாங்கினான். கலவரம் நடந்த வருஷம் எல்லாரும் துவக்குகளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவன் சின்னதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றித் தெருவோடு நடந்து போனதைச் சனங்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒப்படைக்க என்னிடம் குடை ஸ்டாண்ட்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் பரீதா இருந்தாள். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டுதான் கடல் கடந்து வந்தேன்.

5

துவக்குக் கடைக்காரர் தொப்பை விழுந்த கிழவர். "இரண்டாவது துவக்கா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்து, எல்லாம் காலி என்றார்.

முதலாவது தானியங்கி. கையைப் பொத்தினால் உள்ளங்கையில் மறைந்துவிடும். "மலிவு, ஆனால் சிக்கும்" என்று அவரே சொன்னார். இரண்டாவது கொஞ்சம் பெரிய தானியங்கி, தட்டையானது. மேல்பகுதியைப் பலமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும், பூட்டை விடுவிக்க வேண்டும், பிறகுதான் சுடும். மூன்றாவது கட்டைக் குழல் ரிவால்வர், ஐந்து வெடி. உடுப்பில் மாட்டாமல் இருக்கப் பின்பக்கக் கொக்கியை அரத்தால் தேய்த்திருந்தார்கள். பூட்டு இல்லை. விசை மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

"எல்லாம் கைமீறிப் போன நேரத்தில்தான் இந்த இடுப்புத் துவக்கைத் தொடுவாய். அந்த நேரத்தில் யோசிக்க வைக்கிற சாமான் கூடாது. மூன்றாவதை எடு" என்றார்.

எனக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்த மூன்றாவது அச்சு அசலாக ரஷீதுடையது. ஹவுளிலிருந்து வெளியே வந்தபோது பார்த்த அதே கட்டை மூக்கு. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை தூரம் வந்து, அவனுடைய துவக்கையா நான் இடுப்பில் கட்டுவது? இரண்டாவதைக் கையில் எடுத்து, தெரிந்தவன் மாதிரி தூக்கிப் பார்த்தேன்.

"அது வேணாம்" என்றாள் பரீதா. "இதத் தாங்க."

மூன்றாவதை அவளே எடுத்தாள். குழலை நிலத்துக்குத் திருப்பினாள். பெருவிரலால் பக்கத்தில் எதையோ தள்ளினாள். சிலிண்டர் இடது கையில் வந்து விழுந்தது. ஐந்து துளைகளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தையல் ஊசியில் நூல் கோர்க்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"காலிதான்" என்றாள்.

கடைக்காரர் தலையை ஆட்டி மெச்சினார். எனக்குக் காது சூடேறியது.

"காலின்னு அவர்தான் சொன்னாரே?"

"சொல்லுவாங்க. மச்சானும் அப்படித்தான் சொன்னார்."

"எந்த மச்சான்?"

"எனக்கு எத்தன மச்சான் இருக்கு? ரஷீத் மச்சான்தான்." துவக்கைக் கையில் வைத்தபடியே சொன்னாள். "ஹவுள்ல விழுந்த அன்னைக்கி ஈரச் சாரத்தோட எங்கட பின்பக்கம்தான் ஓடி வந்தார். உம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தாங்க. 'பரீதா, மெஷின் எண்ண இருக்கா, இது துருப் புடிச்சிரும்'ன்னார். 'காலிதான், நீயே தொடச்சிக் குடு'ன்னு ஜன்னலால நீட்டினார்."

"நீ தொடச்சியா?"

"தெறந்து பாத்தா அஞ்சு வெடியும் உள்ள இருக்கு. என்ட நெஞ்சுக்கு நேரதான் நீட்டினார்."

"தூக்கி எறிய வேண்டியதுதானே!"

"எறியல்ல. அஞ்சையும் எடுத்துச் சுளகுல வச்சேன். துணிய ஊசியில சுத்தி ஒவ்வொரு ஓட்டையாத் தொடச்சேன். மெஷின்ட திருப்புளியால பக்கத் தகட்டக் கழட்டி எண்ண விட்டேன். எங்கெங்க விடணும்னு அவர் காட்டினார்."

"எவ்வளவு நேரம்?"

"ஜும்மா முடியிற மட்டும்."

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"பொறகு?"

"பொறகு என்ன? குடுக்கக்குள்ள சொன்னேன். 'இதக் கச்சேரியில குடுத்திட்டு வாங்க. இல்லாட்டி வராதீங்க'ன்னு. சிரிச்சார். இடுப்புல சொருகிக்கிட்டுப் போனார்."

"நீ?"

"பெருநாள் வார மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். வரல்ல."

பெருநாள் வார மட்டும். ஹவுளில் விழுந்ததற்கும் பெருநாளுக்கும் நடுவில் எத்தனை ஜும்மா என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அவள் விடவில்லை.

"அதுக்குப் பொறகுதான் வாப்பாக்கிட்ட உங்கட பேச்ச எடுக்கச் சொன்னேன்."

"என்ட பேச்சையா? நீயா சொன்ன? ஏன்?"

"பகையாளியே இல்லாததால லைசென்ஸ் கெடைக்காத ஆளுன்னு ஊரே சிரிச்சிச்சே. அதுக்குத்தான்."

என்னை வாட்டிய அதே சிரிப்பு. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணமே, அவன் அந்தச் சாமானை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தால் என்ற எண்ணம் வந்து, நிறைந்த நெஞ்சைக் குத்தியது. ரஷீத் தோற்கவில்லை. அவனாகவே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

பரீதா சிலிண்டரை மூடி, துவக்கைப் பச்சைத் துணியில் என் பக்கமாக வைத்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க. எடுக்கவா, வேணாமா?"

கடைக்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. எனக்கு மானுவேலுடைய கணுக்கால் கண்ணுக்குள் வந்தது. மாலையில் கடைக்குள் தனியாக நிற்பதும் வந்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரஷீத் சிரித்துவிட்டுப் போன இடத்தில் நானும் சிரித்துவிட்டு நிற்பதா?

மூன்றையும் அவர் பக்கம் தள்ளினேன்.

"மனைவிக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார்.

"அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் பிரச்சினை" என்றேன்.

6

காசு மேசையை வாசலைப் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறோம். அது பரீதாவின் யோசனை. மஃரிபுக்கு முன் கடையை அடைத்துவிடுகிறோம். மானுவேல் பால் வாங்க வரும்போது, எங்கே உன்னுடையது என்று என் இடுப்பைப் பார்க்கிறார். எனக்குப் பகையாளி இல்லை என்று சொன்னேன். இந்த ஊரில் அதற்குப் பகையாளி தேவையில்லை என்றார். அது உண்மைதான். என்ன செய்வது?

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு வேறொரு தொல்லை. காரில் திரும்பி வரும்போது அவள் விரல்களை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். துவக்கு எண்ணெய் வாசனைக்காகத்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் உடனே கை கழுவவில்லை. முதலில் நஸீமாவின் தலையைப் பின்னினாள். வாங்கினீர்களா என்று மகள் இங்கிலீஷில் கேட்டதற்கு, "வாப்பாக்குப் பிடிக்கல்ல" என்று தமிழில் பதில் சொன்னாள்.

நேற்று மறுபடி வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்தது. அவள் மெஷினைத் திறந்தாள், குட்டிக் குப்பியை எடுத்தாள். இத்தனை வருஷமாக நான் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்த காரியம். அதே மெஷின், அதே திருப்புளி, அதே வெள்ளிக்கிழமை, அதே ஜும்மா நேரம். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அந்தக் குப்பியத் தா. இனி நான் போடுறேன்."

"என்னத்துக்கு? உங்களுக்கு எங்க விடணும்னு தெரியாதே."

"காட்டு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து ஒவ்வொரு துளையாகக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுப் போதும் என்றாள். நான் இரண்டு விட்டேன். மிஞ்சிய எண்ணெய் வழிந்து, நஸீமாவுக்குத் தைத்து வைத்திருந்த புதுச் சட்டையில் இறங்கியது. திட்டினாள். அன்றைக்கு ரஷீதைத் திட்டினாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் அடுத்த துளையிலும் இரண்டு சொட்டு விட்டேன்.